இறுக்கிப் பின்னின புசோ

என் தங்கச்சி வள்ளியைக் கையோடு கூட்டிக்கொண்டு வரத்தான் நான் அமெரிக்கா போனேன். ஊர் பார்க்கப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்த நாளாக எங்கள் தெருவில் ஆளாளுக்கு "கையைத் தூக்கிக்கிட்டு நிக்குமே ஒரு சிலை, பாத்தீங்களா?" என்று கேட்கிறார்கள். பார்த்தேன். ஆற்றுக்கு அந்தாண்டை, கட்டைவிரல் உயரத்துக்குத் தெரிந்தது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். ஒன்றைச் சொல்லி முடித்துத்தான் அடுத்ததுக்கு வருவேன். பொறுத்துப் படிக்கவேண்டும்.

வள்ளி எனக்கு ஆறு வயது இளையவள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவளுக்குத் தலை பின்னியது, பாவாடை தைத்துப் போட்டது, காய்ச்சலில் பக்கத்தில் கிடந்தது எல்லாம் நான்தான். கல்யாணம் ஆகிப் போனாள். பிறகு மகன் குமாரோடு அமெரிக்கா போனாள். அங்கேயே அவள் வீட்டுக்காரரும் தவறிப்போனார். என் வீட்டுக்காரரும் இல்லை, பிள்ளை குட்டியும் இல்லை. அம்பாசமுத்திரத்தில் அத்தனை பெரிய வீட்டில் நான் ஒருத்தி. அவள் அங்கே ஒருத்தி. இரண்டு பேரும் ஒன்றாக இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. மாடி அறைக்கு வெள்ளையடித்தேன். புதுக் கட்டில் வாங்கிப் போட்டேன். "பொங்கல் கழிச்சு ரெண்டு பேருமா ஊருக்கு வந்துருவோம்ட்டி" என்று போனில் சொன்னேன். "நீ வாக்கா, பேசிக்கிடலாம்" என்றாள். பேசிக்கிடலாம் என்றால் சரி என்றுதானே நான் எடுத்துக்கொள்வேன்?

விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறந்ததும் குமார் நின்றான், வள்ளி நின்றாள், நடுவில் இன்னொரு அம்மாளும் நின்றாள். குள்ளம். உருண்டை முகம். ரோஸ் நிறத்தில் மெத்தை மாதிரி ஒரு சட்டை. வள்ளி என்னைத் தொடுவதற்கு முன்னால் அவள் ஓடி வந்து ஒரு கம்பளிக் கோட்டை என் தோளில் போட்டு, பொத்தானையும் மாட்டிவிட்டாள். இத்தனை வருஷம் கழித்துத் தங்கச்சியைப் பார்க்கிறேன், முதலில் என்னைத் தொட்ட கை ஊர் பேர் தெரியாத கை.

"இவங்க நேனா ஆண்ட்டி, பெரியம்மா. பிலிப்பைன்ஸ். நம்ம பில்டிங்லயே கீழ் ஃப்ளோர்ல இருக்காங்க. நர்ஸா இருந்து ரிட்டயர் ஆயிட்டாங்க. உங்களைப் பார்க்கணும்னு அவங்களே வந்தாங்க" என்றான் குமார்.

அவள் என்னைப் பார்த்து "மனாங்" என்றாள். மூத்தவளை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மரியாதைதான். ஆனால் எனக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், இன்னொருத்தி வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

காரில் நானும் வள்ளியும் பின்னால், அவள் முன்னால். வழி முழுக்க வள்ளி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு அவளோடு இங்கிலீஷில் பேசினாள். ஊரில் போஸ்ட்மேனுக்குப் பதில் சொல்லவே என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவள் வள்ளி. இப்போது கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள், நடுவில் சிரிக்கிறாள். "என்னட்டி சொல்லுதா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லைக்கா, சும்மா" என்கிறாள். எனக்குச் சும்மா கிடைக்காத பேச்சு!

ஜெர்சி சிட்டியில் அவர்கள் வீடு ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்துக்குப் பக்கம், அடுக்குமாடி. வீடு என்றால் நல்ல வீடுதான். ஆனால் ஜன்னலைத் திறக்க முடியாது, சுவரிலிருந்து வெந்நீர்க் குழாய் வழியாக அனல் வரும், உதடு வெடிக்கும், தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிக் கிடக்கும். குமார் காலையில் ஆற்றுக்கு அடியில் ஓடும் ரயிலில் நியூயார்க்குக்குப் போனால் இருட்டித்தான் வருவான். அவன் பெண்டாட்டிக்கு டெக்ஸாஸில் இர்விங் என்கிற ஊரில் வேலை, மாதத்தில் ஓரிரு முறை வந்து போவாள். வள்ளி நாள் முழுக்கத் தனியாக இருப்பாள் என்றுதான் நான் நினைத்து வந்தேன். அங்கேதான் கணக்குத் தப்பியது.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. நேனாதான். கையில் ஒரு கொத்து. தென்னை ஓலையில் பின்னின கூடுகள், கைக்கு அடக்கமாக, வால் விட்டு, மொத்தமாக முடிந்து தொங்கின. தேர்த் தோரணத்தில் இருந்து அறுத்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. வள்ளி அதை வாங்கி அடுப்பங்கரைக் கொக்கியில் மாட்டினாள். அதற்கென்றே கொக்கி வைத்திருக்கிறாள்!

"இது என்னட்டி?"

"சோறுக்கா. அரிசியைப் போட்டு ஓலையோட அவிச்சுருவா. ஒரு நா முழுக்கக் கெடாது. இதுக்கு புசோன்னு பேரு. அவ செபுங்கற தீவுல இருந்து வந்தவ, அங்கத்த பாஷை செபுவானோ. வாழைப்பூவுக்கும் அதே பேருதானாம், அதைப்போலத் தொங்குதுல்லா."

நேனா என் முகத்துக்கு நேராக விரலை ஆட்டி, "பு... சோ" என்றாள். எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் அ, ஆ சொல்லிக் கொடுத்ததுகூட இத்தனை அழுத்தமாக இல்லை. கடைசியில் தொண்டையை லேசாக அடைத்து நிறுத்தவேண்டுமாம். வள்ளி சொல்லிக் காட்டினாள். சரியாகச் சொல்லிவிட்டாள் போல, நேனா கைதட்டினாள்.

நான் சொல்லவில்லை. "ஓலைச்சோறு" என்றேன்.

"புசோக்கா."

"ஓலையில இருக்கு, சோறா இருக்கு. ஓலைச்சோறு."

எங்களுக்குத் தெரியாததா இது? கார்த்திகைக்கு எங்கள் பக்கம் பனங்குருத்தில் மாவை அடைத்துக் கொழுக்கட்டை அவிக்காத வீடு உண்டா? அதைச் சொன்னேன். வள்ளி அதை நேனாவுக்குச் சொன்னாள். நேனா கண்ணை விரித்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ நாம் ஒரே மாதிரி ஆட்கள்" என்றாளாம். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

வள்ளி ஒரு கூட்டைக் கத்தியால் நெடுக்கப் பிளந்தாள். உள்ளே சோறு வெள்ளைக் கட்டியாக, ஓலைத் தடம் பதிந்து இருந்தது. அதன்மேல் புளிக்குழம்பை ஊற்றித் தின்றாள். ருசி எப்படி என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுக்காரர் அரிசி மண்டி வைத்திருந்தவர். ஒரு பிடி அரிசியைக் கையில் அள்ளினால் எந்த வயல் என்று சொல்லுவேன். நல்ல ருசிதான். பச்சை ஓலை வாசனை ஏறி நன்றாகவே இருந்தது. நல்லா இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

அடுத்தடுத்த நாட்களில் தெரிந்துகொண்டது இது. காலையில் இரண்டு பேரும் சேர்ந்து நடக்கப் போவார்கள். துணி துவைக்க, கட்டடத்துக்கு அடியில் இருக்கும் மிஷின் அறைக்குச் சேர்ந்து போவார்கள். மத்தியானம் அவள் வீட்டில் டீ. வள்ளியின் மாத்திரை டப்பாவில் நாள்வாரியாக மாத்திரை போட்டு வைப்பது அவள். வள்ளி நகம் வெட்டியிருப்பது அவளுடைய நகவெட்டியில். நான் வந்ததால் இதில் ஒன்றும் நிற்கவில்லை. என்னையும் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கல்யாண வீட்டுப் பந்தியில் கடைசியாக ஒரு நாற்காலி கொண்டுவந்து போடுவார்களே, அப்படி.

"இவ எப்படிட்டி உனக்குப் பழக்கம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவுக போனதுக்கப்புறம் ஒருநா அவுக சட்டையெல்லாம் மிஷின்ல போட்டேன்க்கா. சுத்த ஆரம்பிச்சதும் அழுகை வந்துட்டு. அவ துணி எடுக்க வந்தவ, ஒண்ணுமே கேக்கல. பக்கத்துல உக்காந்துட்டா. மிஷின் நிக்குத வரைக்கும் உக்காந்திருந்தா."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா?"

"போட்டேன்க்கா. நீ தூங்கியிருப்பே. அங்க ராத்திரி."

பூமி உருண்டையாக இருப்பது என் குற்றமா?

ஒரு நாள் நதிக்கரை காட்டுகிறேன் என்று நேனா கிளம்பினாள். நியூபோர்ட் என்கிற இடம், ரயிலில் போகவேண்டும். நகரும் படியில் நான் புடவையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். குளிருக்குப் புடவைக்குள் குமாரின் பேன்ட், காலில் அவனுடைய பூட்ஸ். ரயில் வந்தது. நேனா வள்ளியின் கையைப் பிடித்து ஏறினாள். என் பூட்ஸ் கயிறு அவிழ்ந்து கிடந்தது. குனிந்து பார்த்து நிமிர்வதற்குள் கதவு மூடிவிட்டது. அவர்கள் உள்ளே, நான் வெளியே.

கண்ணாடிக்குள் வள்ளி வாயைத் திறந்து "அக்கா" என்கிறாள், சத்தம் வரவில்லை. நேனா பதறவில்லை. இரண்டு கையையும் விரித்து, தரையைக் காட்டி, அங்கேயே நில் என்று சைகை காட்டினாள். ரயில் போய்விட்டது.

நான் அங்கேயே நின்றேன். ஓர் அடிகூட நகரவில்லை. எவ்வளவு பேர் இடித்துக்கொண்டு போனார்கள்! ஒரு பையன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு "ஆர் யூ ஓகே?" என்றான். "ஓகே, ஓகே" என்றேன். பயம் இருந்தது நிஜம். ஆனால் எனக்கு உறைத்தது வேறு. என் வாழ்நாளில் புருஷன் சொல்லிக்கூட நான் இப்படி அசையாமல் நின்றதில்லை. அவள் கையைக் காட்டினாள், நின்றுவிட்டேன். அப்படியானால் வள்ளி நிற்க மாட்டாளா?

எதிர்ப்பக்க ரயிலில் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். வள்ளி என்னைக் கட்டிக்கொண்டாள். நேனா மண்டியிட்டு உட்கார்ந்து என் பூட்ஸ் கயிற்றை இரட்டை முடிச்சாகக் கட்டினாள். அவள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நரையை மறைக்காமல் விட்டிருந்தாள். அதில்கூட என் தங்கச்சிக்கும் அவளுக்கும் ஒத்துப்போயிருந்தது.

பொங்கலுக்குச் சாமான் வாங்க குமார் எங்களை எடிசன் என்கிற ஊரில் இருக்கும் இந்தியக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனான். நேனாவுக்கு அன்று பல் டாக்டர், வரவில்லை. தை பிறக்கும் முன்பே எனக்கு வழி பிறந்தது என்று நினைத்தேன். அந்தக் கடைத்தெருவில் கரும்பு இருந்தது, மஞ்சள் கொத்து இருந்தது, பனங்கிழங்கு மட்டும் இல்லை. கிடைத்த சமயத்தில் வள்ளியிடம் கேட்டேன்.

"என்னட்டி முடிவு பண்ணியிருக்கே? மாடி ரூம்ல ஃபேன் மாட்டியாச்சு. வாசல்ல உனக்குன்னு பவளமல்லிகூட வெச்சிருக்கேன்."

கரும்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். "நேனா வீட்டு விசேஷம் முடியட்டும்க்கா. ஞாயித்துக்கிழமை. அன்னைக்குச் சொல்லுதேன்."

என் கேள்விக்குப் பதில் சொல்வதற்கும் நாள் குறிப்பது அவளா!

திரும்பும்போது காரில் முன்சீட்டில் இருந்து குமார், "பெரியம்மா, அம்மாவை ஃபோர்ஸ் பண்ணாதீங்க. அவங்களே டிசைட் பண்ணட்டும்" என்றான். நான் எப்போது கட்டாயப்படுத்தினேன்? கட்டில் வாங்கிப் போட்டதற்குப் பேர் கட்டாயமா?

பொங்கல் அன்று மின் அடுப்பில் பால் பொங்கினது. நான் குலவையிட்டேன். கூடவே கூரையில் இருந்த புகை மணியும் சேர்ந்து கூவியது. குமார் நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறினான். மணிச் சத்தம் கேட்டு நேனா மாடியேறி ஓடி வந்தாள். வந்தவள் சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டுச் சாப்பிட்டு, "இதே மாதிரி எங்கள் ஊரிலும் உண்டு, தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்வோம்" என்றாள். எனக்கென்று தனியாக ஒரு பண்டம்கூட விட்டுவைக்க மாட்டாள் போல.

அவள் விசேஷம் என்பது அவர்கள் கோயிலில் குழந்தை ஏசுவுக்கு எடுக்கும் விழா. செபுக்காரர்கள் எல்லாம் கூடுவார்கள். புசோ கொண்டுபோவது நேனாவின் பொறுப்பு. ஃப்ளோரிடாவில் இருக்கும் அவள் மருமகள் ஒரு பெட்டி நிறையத் தென்னங்குருத்து அனுப்பியிருந்தாள். பெட்டியைத் திறந்ததும் இளமஞ்சள் ஓலையின் வாசனை வீடெல்லாம் பரவியது. எனக்குக் கை துறுதுறுத்தது.

நேனா ஈர்க்கைக் கிழித்து, ஓலையை விரலில் சுற்றி, இரண்டு வரி கீழே, ஒரு வரி மேலே என்று பின்னினாள். வள்ளி பின்னினது கோணல்மாணலாக வந்து அவிழ்ந்தது. வருஷக்கணக்காகக் கற்றுக்கொள்கிறாளாம், வரவில்லையாம். நான் ஒரு தடவை பார்த்தேன். அடடா, இது நாங்கள் ஆற்றங்கரையில் பின்னி அடிக்கிற ஓலைப்பந்து அல்லவா! சுற்று ஒன்று கூட, அவ்வளவுதான். ஓலையை எடுத்தேன். பின்னி மேசையில் வைத்தேன்.

நேனா எழுந்து நின்றே விட்டாள். "எங்கள் ஊரிலேயே பாதிப்பேருக்கு இது வராது, மனாங்!" என்றாள். வள்ளி என் கன்னத்தைக் கிள்ளினாள். வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் நான் அந்த வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பின்னித் தள்ளினேன். நேனாவின் கூடுகள் தொளதொள என்று, வயிறு தள்ளி, இடைவெளி தெரிய இருந்தன. என்னுடையவை கல்லுக் கல்லாக, மூலை மடியாமல், விட்டெறிந்தால் துள்ளும்.

அவள் என் கூடு ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். வள்ளியிடம் ஏதோ சொன்னாள்.

"யக்கா, கொஞ்சம் தளத்திப் பின்னச் சொல்லுதா."

"எதுக்காம்?"

"அரிசி வீங்கணும்லா. தண்ணி உள்ள போக இடம் வேணும்ங்குதா."

"அரிசி வீங்கும்னு மண்டிக்காரன் பெண்டாட்டிக்கு அவ சொல்லித் தாராளா? அரிசியைக் குறைச்சுப் போட்டாப் போச்சு. என் பின்னல் அழகா இருக்குன்னு அவ கண்ணு பொறுக்கல. இந்தத் தொளதொளப்பைப் பின்னினா எங்க ஊரே சிரிக்கும்."

வள்ளி இதை அப்படியே சொன்னாளா, மாற்றிச் சொன்னாளா தெரியாது. நேனா தோளைக் குலுக்கிவிட்டு அரிசி அளந்து போட்டாள். தன் கூடுகளில் பாதி, என் கூடுகளில் அதற்கும் குறைவு. பெரிய பானைகளில் கொதித்தன. எடுத்து வடிய விட்டபோது என்னுடையதைக் கையில் தூக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்றாள். "குழைஞ்சிரும், எடுக்கச் சொல்லு" என்றேன். எடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குக் கீழே ஒரு பெரிய கூடம். சின்ன ராஜா மாதிரி சிவப்புப் பட்டு உடுத்தின குழந்தைச் சாமி, கொட்டு, பெண்கள் இரண்டடி முன்னே வைத்து ஓரடி பின்னே வைத்து ஆடினார்கள். நடு மேசையில் முழுசாக வாட்டின ஒரு பன்றி கிடந்தது. நான் சைவம், முகத்தைத் திருப்பி உட்கார்ந்தேன். வள்ளியும் தொடவில்லை, அதில் அவள் மாறவில்லை.

புசோக் கொத்துகள் ஒரு கம்பியில் தொங்கின, ஒரு பக்கம் அவளுடையது, ஒரு பக்கம் என்னுடையது. எனக்கு அதன் பக்கத்திலேயே நாற்காலி. வந்தவர்கள் எல்லாம் கைக்கு எட்டின பக்கம் நேனாவின் கொத்திலிருந்தே எடுத்தார்கள். நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்? எழுந்து என் கொத்தைத் தூக்கிப் பிடித்து, "புசோ! புசோ!" என்றேன். சந்தையில் கத்திரிக்காய் விற்கிறவள் மாதிரி. தொண்டையை அடைத்து நிறுத்துகிற அந்த இடமும் சரியாக வந்தது. சிரித்துக்கொண்டே வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அத்தனை நாள் வீம்பாகச் சொல்லாத சொல்லை, என் கூடு விலைபோகவேண்டும் என்று நானே கூவினேன்.

முதலில் வெட்டினவர் ஒரு கிழவர், தொப்பிக்காரர். ஒரு துண்டை வாயில் போட்டார். 'கறுக்' என்று சத்தம். மென்றவர் நிறுத்தினார். பக்கத்து அம்மாள் தன்னுடையதைப் பிளந்தாள். நடுவில் அரிசி அரிசியாகக் கிடந்தது. வெளிச்சுற்று வெந்து, உள்ளே தண்ணீரே போகவில்லை. இன்னொருத்தர் பிளந்தார். அதுவும் அப்படியே. அந்த மூலையில் இருந்தவர்கள் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

நேனா வேகமாக வந்தாள். தன் நெஞ்சைத் தட்டித் தட்டி ஏதோ சொன்னாள்.

"என்னட்டி சொல்லுதா?"

வள்ளி குனிந்து, "ஒண்ணுமில்லைக்கா. தான் பின்னினதுன்னு சொல்லுதா. கை பதம் தப்பிப் போச்சு, வயசாயிட்டுன்னு சொல்லுதா" என்றாள்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. என் தங்கச்சியை எடுத்துக்கொண்டாள், மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டாள், பொங்கலிலும் பங்கு கேட்டாள். இப்போது என் கையால் கெட்ட சோற்றையும் தன்னுடையது என்கிறாள்! கெட்டாலும் அது நான் பின்னினது. எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையையும் திரட்டி, நெஞ்சில் கை வைத்து, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"நோ! மை புசோ!"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அந்தத் தொப்பிக் கிழவர் ஏதோ சொல்லி இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கூடமே சிரித்தது. "பல்லும் என்னோடது இல்லை, கட்டினதுதான், போனாப் போகட்டும்" என்றாராம். எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ எனக்கு ஒரு பூமாலை போட்டார்கள்.

வள்ளி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிற்கமுடியாமல் சிரித்தாள். சின்ன வயசில் சிரித்த அதே சிரிப்பு. அவள் புருஷன் போனபிறகு இப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை என்று குமார் பிறகு சொன்னான். சிரிப்பு என்னால் வந்தது. சாய்ந்துகொண்டது நேனா தோளில்.

வீட்டுக்கு நாங்கள் இருவர் மட்டும் நடந்து வந்தோம். நேனா பாத்திரம் கழுவ நின்றுவிட்டாள். ஓரத்தில் ஒதுக்கின பனி அழுக்காகிக் கிடந்தது. நான் கேட்கவில்லை. வள்ளியே சொன்னாள்.

"நான் வரலைக்கா."

"அவதானே காரணம்?"

"ஆமாக்கா" என்றாள். "ஊர்ல வந்தா எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா? உன் வீட்ல உனக்கும் எனக்கும் சண்டை வந்தா நான் எங்க போய் உக்காருவேன்? மாடி ரூமைச் சாத்திக்கிட்டு அழணும். இங்க குமார்கிட்ட வருத்தம்னா கீழ போயிருவேன். நீ வந்து இத்தனை நாள்ல உன்மேல எத்தனை தடவ கோவம் வந்துது தெரியுமா? அப்பல்லாம் அவகிட்டதான் போனேன். அவதான், உங்க அக்கா வயசானவ, மேல போன்னு திருப்பி அனுப்புவா."

நான் நின்றுவிட்டேன். அவள் மாடிக்குத் திரும்பி வந்து எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்த சாயங்காலங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அவளாக வந்தாள் என்று நினைத்திருந்தேன். அனுப்பித்தான் வந்திருக்கிறாள்.

கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். பேசாமல் இருந்தால் கீழே போய்விடுவாள். அதனால் பேசினேன்.

கிளம்புகிற நாள் வள்ளி உள்ளே என் பெட்டிக்கு ஊறுகாய்ப் பாட்டிலைத் துணி சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். நேனா வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். நான் குமாரைப் பக்கத்தில் இழுத்து, "நான் சொல்லுததை இவகிட்ட அப்படியே சொல்லுடே" என்றேன். விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் முறையாகக் கொடுத்துவிட்டுப் போவோம் என்று தோன்றியது. பெண்ணை அனுப்பும்போது சம்பந்திக்குச் சொல்லுவோம் இல்லையா, அந்த மாதிரி.

"உங்க அம்மா பசிச்சாலும் போதும்னுதான் சொல்லுவா. நம்பக்கூடாது. திருப்பித் திருப்பிக் கேக்கணும்."

குமார் சொன்னான். நேனா தலையாட்டினாள். "தெரியும்ங்கறாங்க பெரியம்மா. கேக்கவே மாட்டாங்களாம், தட்டுல வெச்சிடுவாங்களாம்."

"காய்ச்சல் வந்தா வெளிய காட்டமாட்டா. உள்ளங்காலைத் தொட்டுப் பாக்கணும்."

"ஆண்ட்டி நர்ஸ், பெரியம்மா."

"இடின்னா பயம்."

அவன் சொன்னதும் நேனா சிரித்து, கீழே தன் வீட்டில் இருக்கும் சோபாவைக் காட்டுவது மாதிரி தரையைக் காட்டினாள். "கோடைல இடி இடிச்சா அம்மா கீழதான் படுப்பாங்களாம். எனக்கே தெரியாது" என்றான் குமார். அவன் முகம் கொஞ்சம் விழுந்தது. அவனுக்கும் என்னைப் போலத்தான் இருந்திருக்கும்.

எனக்கு இன்னும் ஒன்று தெரியும். வள்ளி ரொம்ப மனசு உடைந்துபோனால், ஒரு காரியம் செய்யவேண்டும். பேச்சில்லை, சோறில்லை, சின்னக் காரியம். செய்தால் உடனே தேறிவிடுவாள். அம்மா எனக்குக் காட்டிக்கொடுத்தது, எனக்குப் பிறகு ஒருத்தருக்கும் தெரியாது. நேனா என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, அவளுக்கு அது தெரியவே தெரியாது.

"அவ்வளவுதானா பெரியம்மா? வேற ஏதாவது சொல்லணுமா?" என்றான் குமார்.

"அவ்வளவுதான்" என்றேன்.